ஹரி என்ற கட்டளை

சியாமளாவின் ஆபீசில் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அவள் புருஷனின் பேர் அடிபடும். "ஹரி மார்லா கா?" என்று ஒரு மூலையிலிருந்து ஒருத்தன் மராத்தியில் கேட்பான். "மார்லா, மார்லா" என்று இன்னொரு மூலையிலிருந்து பதில் வரும். ஹரியை அடித்தாயா, அடித்தேன். புதிதாக யாராவது கேட்டால் எவனையோ கும்பலாகப் போட்டு மொத்துகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அடிபடுவது மனிதன் இல்லை, கட்டளை. தொழிற்சாலைக் கட்டடங்களுக்கான இரும்புச் சட்டங்களை எந்த நீளத்தில் வெட்டுவது, எங்கே துளை போடுவது என்று வரைந்து கொடுக்கிற கம்பெனி அது, புனேயில் மகர்பட்டாவில் இருக்கிறது. ஒரு கட்டடத்துக்கு ஆயிரக்கணக்கில் இரும்புத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட வேண்டும். கையால் போட்டால் கண் பிதுங்கிவிடும். வரைபட மென்பொருளில் ஹரி என்று ஆங்கிலத்தில் நாலு எழுத்தைத் தட்டினால் போதும், எல்லாத் துண்டுக்கும் எண் விழுந்துவிடும். இந்தச் சின்ன நிரலை எழுதியவன் ஹரிபிரசாத். எழுதியதற்குத் தன் பேரையே வைத்துக்கொண்டான், அவ்வளவு அடக்கம் அவனுக்கு.

எட்டு மாதத்துக்கு முன் ஹரி அந்த வேலையை விட்டுவிட்டு ஹிஞ்சேவாடியில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்குப் போனான். கொஞ்ச நாளில் வீட்டை விட்டும் போனான். போகச் சொன்னது சியாமளா. மனிதன் ஊரின் அந்தக் கோடிக்குப் போய் ஒரு ரூமில் குடியிருக்க, அவன் பேர் மட்டும் இங்கே அவள் காதருகிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. அவளால் என்ன செய்ய முடியும், பேரை மாற்றுங்கள் என்று சுற்றறிக்கையா விட முடியும்?

அவள்தான் அந்த ஆபீசின் மென்பொருள் விவகாரங்களுக்கெல்லாம் பொறுப்பு. அந்த வெள்ளிக்கிழமை அவள் தலையில் விழுந்த வேலை, நம்பகமான இடங்களின் பட்டியலைச் சுத்தம் செய்வது.

விஷயம் இதுதான். டிராயிங்கோடு சேர்ந்து இந்த மாதிரிச் சின்ன நிரல்கள் வரும். நல்லதும் வரும், வினையும் வரும். அதனால் முன்பின் தெரியாத ஃபோல்டரிலிருந்து எதையாவது ஏற்றினால் மென்பொருள் மஞ்சள் முக்கோணம் போட்ட ஒரு பெட்டியைக் காட்டி, இது நம்பகமான இடத்தில் இல்லை, ஏற்றலாமா என்று கேட்கும். நம்பகமான இடம் என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஃபோல்டராக இருந்தால் கேட்காது, பேசாமல் ஏற்றிவிடும். ஆபீசில் அந்தப் பெட்டிக்குப் பேர் பிவ்ளா டபா, மஞ்சள் டப்பா. டப்பா வந்தால் படிக்கிறவர் யாரும் கிடையாது. தொல்லை விட்டது என்று தங்கள் ஃபோல்டரைப் பட்டியலில் சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இப்போது வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் தணிக்கைக்கு வருகிறார். பட்டியலில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே, இதற்கு நான் பொறுப்பு என்று ஒரு ஆள் பேர் போட வேண்டும். அந்தப் பட்டியல் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். பேர் இல்லாத இடம் பட்டியலில் இருக்கக்கூடாது.

சியாமளா ஒவ்வொரு கணினியாகத் திறந்து பார்த்தாள். அடக் கடவுளே! ஒருத்தன் மொத்த சர்வரையும் நம்பியிருந்தான். இன்னொருத்தன் இன்டர்நெட்டில் இருந்து கண்டதும் வந்து இறங்குகிற டவுன்லோட்ஸ் ஃபோல்டரை நம்பியிருந்தான். சீனியர் ஜெகதீசன், எதையும் இரண்டு தடவை அளக்கிற மனிதர், தன் பென்டிரைவை நம்பியிருந்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவார். ஏன் சார் இப்படி என்று கேட்டதற்கு, அது கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறதே அம்மா, வேலை பார்க்க வேண்டாமா என்றார். எல்லாவற்றையும் தயவுதாட்சண்யம் பார்க்காமல் துடைத்தெறிந்தாள். மத்தியானத்துக்குள் பட்டியலில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது. ஹரியின் ஃபோல்டர்.

உதவிக்கு இருந்த கிருஷ்ணப்ரியா அதைப் பார்த்துவிட்டு இவள் முகத்தைப் பார்த்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழ் நொண்டி நொண்டித்தான் வரும், அதாவது என்பதற்கு மதலப் என்பாள்.

"அக்கா, ஹரி சார் ஃபோல்டர் நான் டச் பண்ணல. மதலப், நீங்களே பாத்துக்கோங்க."

இதிலே பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று சியாமளாவுக்குச் சுருக்கென்றது. எடுத்தால் புருஷன் மேலிருக்கிற கோபத்தை ஆபீசில் தீர்த்துக்கொண்டாள் என்பார்கள். விட்டால் இன்னும் மனசு விடவில்லை பாவம் என்பார்கள். ஊர் வாய்க்கு இரண்டு பக்கமும் அவல்.

மேலாளர் பட்வர்தன் நல்ல மனிதர்தான். தன் அறைக்குக் கூப்பிட்டு, தர்மசங்கடமாக இருந்தால் வேறு யாரையாவது கையெழுத்துப் போடச் சொல்கிறேன் என்றார். அப்புறம் தானே யோசித்து, ஆனால் உங்களைவிட அவரை யாருக்கு நன்றாகத் தெரியும், நீங்களே போட்டுவிடுங்களேன் என்றும் சொன்னார். சியாமளாவுக்குச் சிரிப்பு வந்தது. அவரை நன்றாகத் தெரிந்ததால்தான் சார் பிரச்சினையே என்று சொல்ல வாயெடுத்து, மரியாதைக்கு அடக்கிக்கொண்டாள்.

ஹரி கெட்டவன் இல்லை. குடி, சீட்டு, வேறு பெண் என்று எதுவும் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அவள் கதை சுலபமாக முடிந்திருக்கும். அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு வியாதி. எதையும் சொல்லாமல் செய்வான். மகள் அம்முவை வேறு பள்ளிக்கு மாற்ற விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தான், பள்ளியிலிருந்து போன் வந்தபோதுதான் சியாமளாவுக்குத் தெரிந்தது. அவளுடைய அம்மா கோயமுத்தூரிலிருந்து கிளம்பி வருவதாக இருந்த டிக்கெட்டை, அந்த மாதம் வெயில் அதிகம் என்று அவனே அடுத்த மாதத்துக்கு மாற்றினான். அது தெரியாமல் அம்மா அங்கே ரயிலடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கடைசியாக இந்த வேலை. அவன் ராஜினாமா கொடுத்த விஷயம் சியாமளாவுக்கு எப்படித் தெரிந்தது? பிரிவு உபசாரத்துக்கு கேக் வெட்டுகிறோம், எல்லாரும் வாருங்கள் என்று ஆபீசில் எல்லாருக்கும் போன மெயில் அவளுக்கும் வந்தது. நாற்பது பேர் நடுவில் நின்று அவள் அந்த கேக்கைத் தின்றாள். அந்தக் கேக் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஒவ்வொரு தடவையும் அவன் சொல்வது ஒன்றுதான். உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நினைச்சேன். அவள் மேற்கொண்டு கேட்டால் முகம் சுண்டிப்போய், என் மேல நம்பிக்கை இல்லையா என்பான். இல்லை என்று எப்படிச் சொல்வது? இருக்கிறதுதானே. இருக்கிறது என்று சொன்னாலோ அதோடு பேச்சு முடிந்துவிடும். பத்து வருஷமாக அந்த ஒரு கேள்வியை வைத்தே அவன் அவள் வாயை அடைத்துவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை, அம்முவைச் சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போய்விட்டு கோர்படியில் உள்ள வீட்டில் கொண்டுவந்து விட்டபோது, அவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். சியாமளா, நான் வீட்டுக்கு வந்துடட்டுமா என்று கேட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள். வாரம் முழுக்க வரச்சொல்லலாம் என்று ஒரு மனசும், வேண்டவே வேண்டாம், மறுபடியும் கேக்கா என்று ஒரு மனசும் அவளைப் பிய்த்துத் தின்றன. நாளை மறுநாள் ஞாயிறு. இன்னும் முடிவாகவில்லை.

இந்த லட்சணத்தில் அவனுடைய ஃபோல்டருக்கு அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

சரி, வேலை வேலைதான் என்று அவள் உட்கார்ந்து அவன் எழுதிய நிரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். கோபத்தோடுதான் ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் கோபம் வேறு மாதிரி ஆயிற்று. அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தான். ஒவ்வொரு நாலு வரிக்கும் மேலே இது எதற்கு, ஏன் இப்படி என்று விளக்கம். பின்னால் படிக்கப்போகிற முகம் தெரியாத எவனுக்கோ அத்தனை பொறுமையாக எடுத்துச் சொல்லியிருந்தான். கூட வாழ்ந்தவளுக்கு அதில் பாதியாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது. ஆமாம், பொறாமைதான், ஒரு கோப்பின் மேல்.

எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. ஹரி என்ற அந்தக் கட்டளையே மூடிய கோப்பாக இருந்தது. மற்றதையெல்லாம் திறந்து படிக்கலாம், இதை மாற்றிக் கட்டி வைத்திருந்தான். கணினிக்குப் புரியும், மனிதர் படிக்க முடியாது. அவன் முதலில் எழுதிய மூலம் அவனிடம்தான் இருக்கும். வருஷக்கணக்காக ஆபீசே தட்டிக்கொண்டிருக்கிற கட்டளைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது.

கிருஷ்ணப்ரியா, இத்தனை நாள் ஒரு தப்பும் வரவில்லையே, போட்டுவிடலாமே என்றாள். நியாயம்தான். சியாமளா பழைய பதிவை எடுத்துவிட்டு, பட்டியலில் அந்த ஃபோல்டரைப் புதிதாகச் சேர்க்கப் போனாள். சேர்க்கும்போதே மென்பொருள் வேறொரு எச்சரிக்கையைக் காட்டியது. இந்த இடத்தை நம்புவதாகச் சொல்கிறீர்கள், இனி இங்கிருந்து வருவது எதுவானாலும் உங்களைக் கேட்காமல் இயங்கும், சம்மதமா என்கிற மாதிரி. எத்தனையோ தடவை பார்த்த வாசகம். இன்றைக்குத்தான் அதை அவள் முழுசாகப் படித்தாள். படித்துவிட்டு வேண்டாம் என்று அழுத்தினாள்.

எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் ஹரிக்கு போன் செய்தாள். அம்மு விஷயம் தவிர வேறெதற்கும் அவள் அவனைக் கூப்பிட்டு மாதங்கள் ஆகிவிட்டன. எடுத்த எடுப்பில் அவன் குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பதில் இப்போதே வருகிறது என்று நினைத்திருப்பான். அவள் விஷயத்தைச் சொல்லி, மூலத்தை அனுப்பச் சொன்னாள். குரல் மாறிவிட்டது.

"அதுல ஒண்ணும் இல்ல சியாமளா. இத்தனை வருஷம் ஓடுது. நீ சைன் பண்ணிடு."

"படிச்சுப் பாக்காம எப்படிங்க சைன் பண்றது?"

"ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?"

வந்துவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் அவள் பேச்சை விட்டுவிடுவாள். அன்றைக்கு என்னவோ விடவில்லை. காலையிலிருந்து அடுத்தவர்கள் நம்பி வைத்த குப்பையையெல்லாம் அள்ளிக் கொட்டிய கை அது.

"நம்பிக்கை இருக்குதுங்க ஹரி. நம்பிக்கை இருந்தாலும் நான் படிக்கோணும். நீங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டு இத்தனை வருஷமா என்னைப் பேச விடல."

மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன் என்று அவன் வைத்துவிட்டான்.

போச்சு, ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து போச்சு என்று சியாமளா நினைத்தாள். அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். எல்லாரையும் கூப்பிட்டு ஹரி கட்டளை இனிமேல் வேலை செய்யாது, மறு உத்தரவு வரும்வரை எண்களைக் கையால் போடுங்கள் என்று அறிவித்தாள். ஆபீசே அலறியது. திங்கட்கிழமைக்குப் போக வேண்டிய டிராயிங் மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஜெகதீசன், குடும்பச் சண்டைக்கு நாங்களா கிடைத்தோம் என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. சுருக்கென்று தைத்தது. தானும் ஒரு டிராயிங்கை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எண் போட ஆரம்பித்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு மெயில் வந்தது. ஹரியிடமிருந்து. உள்ளே மூலக் கோப்பு இருந்தது, கூடவே இரண்டே வார்த்தை. படிச்சுப் பாரு.

படித்தாள். அவசரப்படாமல் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். களவோ சூழ்ச்சியோ எதுவும் இல்லை. தகவல் எதையும் வெளியே அனுப்பவில்லை, எதையும் அழிக்கவில்லை. ஏறக்குறைய முடிவில் ஒரு இடம் வந்தது. இரண்டு துண்டுக்கு ஒரே எண் விழுந்துவிட்டால் நிரல் அதைக் கண்டுபிடித்து, இரண்டாவதற்குத் தானாகவே வேறு எண்ணைக் கொடுத்துவிடும். வரைகிறவனுக்குத் தெரியவே தெரியாது. அந்த வரிக்கு மேலே ஹரி ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியிருந்தான். இதைச் சத்தமில்லாமல் சரி செய்துவிடு, பயன்படுத்துகிறவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்.

சியாமளா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிருஷ்ணப்ரியா ஓடிவந்து என்ன அக்கா, வைரஸா என்றாள். இல்லை, இது அதைவிடப் பழைய வியாதி என்றாள் சியாமளா. இந்த மனிதன் வீட்டில் ஒரு மாதிரி, ஆபீசில் ஒரு மாதிரி என்று நடந்துகொள்ளவில்லை. அவளை மட்டம் தட்டத்தான் மறைத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளே, அதுவும் இல்லை. இரும்புத் துண்டிடம்கூட அவன் அப்படித்தான் நடந்திருக்கிறான். கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. கேக் கேக்தான். ஆனால் இது என்ன கோளாறு என்று முதல் தடவையாக அவள் கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்ததைச் சரி செய்ய முடியுமா என்றாவது பார்க்கலாம்.

அவள் அந்த இடத்தில் சில வரிகள் சேர்த்தாள். இனி எண் இரண்டு தடவை விழுந்தால், மாற்றலாமா என்று நிரல் ஆளைக் கேட்கும். ஆள் சரி என்றால்தான் மாற்றும். ஒரு பழைய டிராயிங்கில் ஓட்டிப் பார்த்தாள். கேட்டது. கோப்பை மூடாமல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைத்து, யாரும் எழுத முடியாதபடி ஃபோல்டரைப் பூட்டி, பட்டியலில் சேர்த்து, எதிரே தன் பேரைப் போட்டாள். பட்வர்தனிடம் என்ன மாற்றினாள், ஏன் என்பதையும் சொல்லிவிட்டாள். ஜெகதீசன் முதல் ஆளாக ஹரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதுவும் இப்போது கேள்வி கேட்கிறதே அம்மா என்று அலுத்துக்கொண்டார். கேட்கட்டும் சார், இரண்டு நிமிஷம்தானே என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஆட்டோவில் இருந்தபோது ஹரி கூப்பிட்டான். படிச்சியா என்று கேட்டான். பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் மாதிரி இருந்தது குரல்.

"படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க."

"தப்பு ஏதாவது..."

"தப்பு இல்லீங்க. சொல்லாம மாத்துது. அதை மட்டும் நான் மாத்திட்டேன். இனி கேட்டுட்டுத்தான் மாத்தும்."

அவன் எழுதியதில் இன்னொருவர் கை வைத்தால் மூக்கு விடைத்துக்கொள்கிற ஆள். இன்றைக்கு, அந்த வரி எனக்கு ஞாபகமே இல்லை சியாமளா, நான் அப்படி எழுதினதே மறந்துபோச்சு என்றான் மெல்ல. அதை அவள் நம்பினாள். தான் செய்வது தனக்கே தெரியாமல் செய்கிறவன்தான் அவன்.

ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்று அவன் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"வாங்க. பையெல்லாம் தூக்கிட்டு வர வேண்டாம். சாப்பிட்டு, சாயங்காலம் வரைக்கும் இருங்க. அதுக்கடுத்த வாரம் வரோணும்னா மறுபடி கேளுங்க."

"ஒவ்வொரு வாரமும் கேக்கணுமா? எத்தனை நாளைக்கு?"

"தெரியல ஹரி. வீட்டுக்கு வரட்டுமான்னு போன வாரம் வாசல்ல நின்னு கேட்டீங்களே, கல்யாணம் ஆகி, ஒண்ணு செய்யறதுக்கு முன்னாடி நீங்க என்கிட்ட கேட்ட முதல் கேள்வி அதுதான். எனக்கு அதை இன்னும் கொஞ்ச நாள் கேக்கோணும் போல இருக்குது."

ரயில் போய்க்கொண்டே இருந்தது. சத்தம் ஓயும்வரை இரண்டு பேரும் போனை வைக்காமல் காத்திருந்தார்கள். பிறகு அவன், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டான்.